நாலு விரக்கடை

டிவி கதைன்னு சொன்னதும் எல்லாரும் கால மடக்கி நல்லா உக்காந்துட்டீகளே, நீங்க எதுக்குக் காத்திருக்கீகன்னு எனக்குத் தெரியாதா? டிவிக்குள்ள இருந்து ஒரு கை வரும், அது யாரு கழுத்தையாவது பிடிக்கும், கரண்டு போன நேரத்துல படம் தானா ஓடும், கடைசியில ஒரு சாமியாரு வந்து எலுமிச்சம்பழத்த அறுத்துக் குங்குமத்தத் தடவி டிவி மேல வைப்பாரு, அதானே? இப்ப வர்ற டிவி மேல எலுமிச்சம்பழம் எங்க நிக்கும், அப்பளக் கனம்ல இருக்கு. அந்தா, மூலையில சாஞ்சிருக்காரே, அந்த அண்ணனுக்கு வேற ஆசை. ரிமோட்டுல கலரக் கூட்டுனா ஊரே செவந்துரும், கொறச்சா ஊரே வெளுத்துரும்னு சொல்லப் போறேன்னு பாக்காரு. அண்ணே, அது நடந்தா பெயிண்டுக் கடைக்காரங்க சும்மா விடுவாங்களா? கை ஒண்ணு வரும், அத மட்டும் ஒத்துக்கிறேன். கழுத்தும் ஒண்ணு வரும். ஆனா நீங்க நினைக்கிற கையும் இல்ல, நீங்க நினைக்கிற கழுத்தும் இல்ல.

சாத்தூர்ல எங்க தெருவுக்கு நகராட்சி வச்ச பேரு ஒண்ணு உண்டு, ஆனா கண்ணாடிக்காரரு தெருன்னு சொன்னாத்தான் ஆட்டோ வரும். கண்ணாடிக்காரருன்னா பூவலிங்கம், வயசு அம்பத்திரண்டு, மெயின் ரோட்டுல மூக்குக்கண்ணாடிக் கடை. முப்பது வருசமா இந்த ஊர்ல பஸ்ஸோட போர்டு பாக்குறவுக, ஊசியில நூல் கோக்குறவுக, அரிசியில கல்லுப் பொறுக்குறவுக, அடுத்த வீட்டு வாசல்ல யாரு செருப்புக் கெடக்குன்னு பாக்குறவுக, அத்தனை பேரும் அவரு போட்டுவிட்ட கண்ணாடி வழியாத்தான் பாத்தாக. வர்ற ஆள உயரமான நாற்காலியில உக்கார வச்சு, இரும்புச் சட்டத்த மூக்குல மாட்டி, ஒரு லென்ஸப் போட்டு ஒண்ண எடுத்து, ஒண்ணப் போட்டு ஒண்ண எடுத்து, பிள்ளைக்கு மருந்து ஊட்டுற தாய் மாதிரி குரலத் தாழ்த்திக் கேப்பாரு: "இது தெளிவா... இதுக்கு முந்துனது தெளிவா?"

கண்ணு டெஸ்ட் பண்ண வர்றவுகள்ல முக்காவாசிப் பேரு பரிச்சைக்கு வர்ற மாதிரிதான் வருவாக. முன்னாடி உக்காந்திருக்க ஆளு வாசிக்கும்போதே பலகையில இருக்க எழுத்த மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிப்பாக, பெயிலாயிட்டா கேவலம்ல? தெரியாதத தெரியலன்னு சொன்ன ஒரே ஆளு பேச்சியம்மா. பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிக்கா விக்கிற அம்மா. மூடுன பஸ் ஜன்னலத் தாண்டி, உள்ள ஓடுற பாட்டத் தாண்டி, தூங்குறவன் காதுக்குள்ள போயி "பிஞ்சேய்... வெள்ளரிப் பிஞ்சேய்"ன்னு எழுப்பணும், அதுக்குன்னே வளத்த குரல். ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்துட்டு வந்து உக்காந்த அந்தம்மாகிட்ட, "மொத வரியில என்னம்மா தெரியுது?"ன்னு இவரு கேட்டாரு. "அங்க ஒரு பலகை இருக்குன்னு நீங்க சொல்லித்தான்யா தெரியுது"ன்னு அந்தம்மா சொன்னதுல, அடுத்த கடையில டீ குடிச்சவுக கிளாஸ் ஆடுச்சு. புண்ணு ஆறட்டும், ஒன்றரை மாசம் கழிச்சுக் கண்ணாடி போடலாம்னு அனுப்பி வச்சாரு. நாமளும் பேச்சியம்மாவ பஸ் ஸ்டாண்டுலயே விட்டுட்டு வருவோம், அவுகளுக்கு வியாபாரம் இருக்கு.

பூவலிங்கத்துக்கு ஒரே பொண்ணு, முத்துபிரியா. விருதுநகர்ல இருந்து வரன் வந்துச்சு, பையனுக்குப் பிடிச்சுச்சு, பொண்ணுக்குப் பிடிச்சுச்சு, ஜாதகத்துக்குக்கூடப் பிடிச்சுப் போச்சு. தேதி குறிக்க உக்காந்த அன்னைக்கு மாப்பிள்ளையோட அம்மா காபி டம்ளரக் கீழ வச்சுட்டு, ரொம்ப மெதுவா, சும்மா கேக்குற மாதிரி ஒண்ணு கேட்டாக: "பொண்ணுக்கு அத்தைமாரு ரெண்டு பேராமே, ஒருத்தரையும் கண்ணுல காட்ட மாட்டேங்கிறீகளே?" அவ்வளவுதான். அத்தைமாரு ரெண்டு பேரும் வந்து ஒண்ணா நிக்கட்டும், அப்புறம் தேதி பாக்கலாம்னு காலண்டரச் சுருட்டிப் பைக்குள்ள வச்சுட்டாக.

இந்த ரெண்டு அத்தைமாரும் ஒண்ணா நின்னு இருவத்தஞ்சு வருசம் ஆச்சு. மூத்தவ செல்லக்கனி, பூவலிங்கத்துக்கு அக்கா, கோவில்பட்டியில வாக்கப்பட்டவ. பேச ஆரம்பிச்சா கூட்ஸ் ரயில் மாதிரி, மொதல்ல தூரத்துல கேக்கும், அப்புறம் வந்துக்கிட்டே இருக்கும். இளையவ ராஜகிளி, அவருக்குத் தங்கச்சி, சிவகாசிக்குப் போனவ. பேச்சு சரவெடி மாதிரி, நின்னுபோச்சுன்னு நாம காதுல இருந்து கையெடுத்தா மறுபடி வெடிக்கும். பூவலிங்கம் கல்யாணத்துலதான் வினையே. நம்ம பக்கத்துல தாலி கட்டும்போது மொத முடிச்சு மாப்பிள்ளை போடுவாரு, மிச்ச ரெண்டும் நாத்தனா போடுவா. ஒரு நாத்தனான்னா வம்பில்ல, ரெண்டையும் அவளே போட்டுருவா. இங்க ரெண்டு நாத்தனா. ரெண்டாவது முடிச்சுல என்ன இருக்கு, சும்மா நடுவுல வர்றது. கல்யாணத்த முடிச்சு வைக்கிறதே மூணாவது முடிச்சுல்ல? அது நான் போட்டதுன்னு செல்லக்கனி சொல்லுவா, நான் போட்டதுன்னு ராஜகிளி சொல்லுவா, ரெண்டாவதத்தான் அவ போட்டான்னு ரெண்டு பேரும் சொல்லுவாக. இவுக கணக்குப்படி பாத்தா அந்தத் தாலியில மூணாவது முடிச்சு ரெண்டு இருந்திருக்கணும், ரெண்டாவது முடிச்சு இருந்திருக்கவே கூடாது.

மஞ்சக் கயிற எடுத்துப் பாக்கலாம்னா, மூணாவது மாசமே பிரிச்சுத் தங்கத்துல கோத்தாச்சு. வீடியோவப் பாக்கலாம்னா, அந்த வீடியோக்காரரு சரியா அந்த நேரம் பாத்து மாப்பிள்ளை மூஞ்சியக் கிட்டக்க இழுத்துட்டாரு. படத்தோட வலது ஓரத்துல ஒரு மணிக்கட்டு, ஆறு பச்சைக் கண்ணாடி வளையல், அதுக்கு மேல ஒண்ணுமில்ல. வளையல வச்சுக் கண்டுபிடிக்கலாம்னா, ஒருத்திக்கு ஒண்ணு கூடிருச்சு கொறஞ்சிருச்சுன்னு பேச்சு வரக்கூடாதுன்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே சேலை, ஒரே ஜாக்கெட்டு, ஒரே வளையல்னு பாத்துப் பாத்து எடுத்துக் கொடுத்தது நம்ம பூவலிங்கம்தான்.

அன்னைல இருந்து அவ இருப்பாளோன்னு இவளும், இவ இருப்பாளோன்னு அவளும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. பொங்கலுக்கு வரல, தீவாளிக்கு வரல, கோடை லீவுக்குப் பிள்ளைகளக்கூட அனுப்பல. அக்கா தங்கச்சி பாசம் இப்படிப் போச்சேன்னு பூவலிங்கம் அப்பப்பக் கண்ணாடியக் கழட்டித் தொடைப்பாரு. அவரு சம்சாரம் தங்கபுஷ்பம் ஒண்ணும் சொல்லமாட்டா, அமைதியான பொம்பளை. ரெண்டு நாத்தனா இருந்தும் ஒரு நாத்தனாகூட எட்டிப் பாக்காத வீடுன்னு தெருவுல மத்த பொம்பளைக எல்லாம் அவளப் பாத்துப் பெருமூச்சு விடுவாக. பரிதாபத்துல விட்டதா வேற எதுலயும் விட்டதான்னு நான் கேட்டுக்கிடல.

சம்பந்தி வீட்டாரு வந்து போற வீட்டுல பழைய டிவி எதுக்குன்னு புதுசு ஒண்ணு வாங்கிச் சுவத்துல மாட்டுனாரு பூவலிங்கம். டிவிக் கடையில வர்ற போறவுக கண்ணப் பறிக்கணும்னு வச்சிருந்த 'விவிட்'ங்கிற கலர் செட்டிங் அப்படியே இருந்துச்சு. செய்தி வாசிக்கிற பிள்ளை தக்காளி மாதிரி செவந்து கெடந்துச்சு, புல்லு கிளி மாதிரி இருந்துச்சு, கிளி பல்பு மாதிரி எரிஞ்சுச்சு. ஊருக்கே பார்வை சரி பண்ற மனுசனுக்கு இத எப்படித் தாங்கும்? ஒரு ஞாயித்துக்கிழமை காலையில குளிச்சுச் சாமி கும்பிட்டுட்டு ரிமோட்டோட உக்காந்துட்டாரு. தங்கபுஷ்பத்த நாற்காலியில உக்கார வச்சாரு, அவ தலைப்பின்னல எடுத்து டிவி ஓரமா முன்னால போடச் சொன்னாரு, தன்னோட வெள்ளை வேட்டி ஒண்ண டிவிக்குப் பக்கத்துல ஆணியில தொங்கவிட்டாரு, கருப்பையும் வெள்ளையையும் ஒத்துப் பாக்க. கருப்பு முடியில இழை இழையாத் தெரியுற வரைக்கும் பிரைட்னஸ ஏத்துனாரு, ஆனா கருப்பு சாம்பலாகக் கூடாதுன்னு ஒரு புள்ளி எறக்குனாரு. வெள்ளைச் சட்டையில மடிப்புத் தெரியுற வரைக்கும் கான்ட்ராஸ்டக் கொறச்சாரு. ஆளச் சுத்திப் பென்சில்ல கோடு போட்ட மாதிரி இருந்த ஷார்ப்னஸ அடி மட்டத்துக்குக் கொண்டு வந்தாரு. நீலம் பாரிச்சுக் கெடந்தத 'வார்ம்'ல போட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் குரலத் தாழ்த்தி, "தங்கம், இது தெளிவா... இதுக்கு முந்துனது தெளிவா?"

"முந்துனதே நல்லாருக்கு."

"மஞ்சளா இருக்க மாதிரி தோணும். புதுக்கண்ணாடி மாதிரிதான், மூணு நாள்ல பழகிரும். இப்பச் சொல்லு, இதுவா, முந்துனதா?"

"ஏங்க, எனக்கு எல்லாமே முந்துனதே நல்லாருந்துச்சு. உளுந்து ஊறப்போடணும், விடுங்க."

எல்லாம் முடிஞ்சு பாத்தா, கீழ ஓடுற எழுத்துல பாதி வெட்டுப்பட்டுக் கெடந்துச்சு, மூலையில சேனல் பேரும் அரைகுறையாத் தெரிஞ்சுச்சு. எல்லா டிவியும் ஓரத்துல கொஞ்சத்த முழுங்கத்தான் செய்யும், அதச் சரி பண்ண 'ஸ்க்ரீன் ஃபிட்'னு ஒண்ணு இருக்கும், அமுக்குனா முழுப்படமும் தெரியும். உங்க வீட்டுலயும் இருக்கும், போயிப் பாருங்க. பூவலிங்கம் அமுக்குனாரு. படம் நாலு பக்கமும் ஒரு விரக்கடை, அதான் ஒரு விரல் அகலம், உள்ள ஒதுங்குச்சு, எழுத்தும் முழுசா வந்துச்சு, சேனல் பேரும் வந்துச்சு. உங்க வீட்டு டிவி இதோட நின்னுரும். இவரு இன்னொரு தடவை அமுக்குனாரு. படம் இன்னொரு விரக்கடை ஒதுங்குச்சு, ஒதுங்குன எடத்துல கேமராவுக்கு வெளிய இருந்தது ஒரு விரக்கடை உள்ள வந்து உக்காந்துக்கிருச்சு.

அப்ப ஓடுனது ஒரு சீரியலு. காணாமப்போன மகன நினைச்சு மாமியாக்காரி தூணப் பிடிச்சு அழுதுக்கிட்டு இருந்தா. ரெண்டாவது விரக்கடையில தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துச்சு. மூணாவது விரக்கடையில காணாமப்போன மகன் அந்த நாற்காலியில உக்காந்து போண்டா தின்னுக்கிட்டு இருந்தான்.

தங்கபுஷ்பம் சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்து, "சட்னி வைக்காம வெறும் போண்டாவா குடுத்துருக்காக?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா.

ஏன் அப்படி வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு கேக்காதீக, தெருவுல யாரும் கேக்கல. மொத நாள் நாங்க நாலு வீட்டுக்காரவுக போயிப் பாத்தோம், பாத்துட்டு எத்தனை இஞ்சுன்னு கேட்டோம். ரெண்டாம் நாள் கேபிள்காரன் வந்து, இது என் பாக்ஸோட வேலைன்னு அடிச்சுப் பேசிட்டு, பாக்ஸக் கழட்டுன பொறகும் டிவி அப்படியே காட்டவும், அப்ப உங்க வீட்டு சுவத்தோட வேலைன்னு சொல்லிட்டுப் போனான். மூணாம் நாள் ஒரு அம்மா தன் வீட்டுக் காதுகுத்துப் பென்டிரைவக் கொண்டுவந்து நீட்டுனா: "அண்ணே, என் கொழுந்தன் அன்னைக்கு வந்திருந்தேன், நீங்கதான் கவனிக்கலைன்னு இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. ஒரே ஒரு விரக்கடை அமுக்குங்களேன்."

அமுக்குனாரு. கொழுந்தன் இருந்தாரு. வாசல்ல பந்தக்காலுக்குப் பின்னாடி, யாராவது 'வாங்க'ன்னு கூப்பிடுவாகளான்னு பாத்துக்கிட்டு, கையில பிள்ளைக்கு வாங்குன சட்டைப் பொட்டலத்தோட நின்னுக்கிட்டே இருந்தாரு. அந்தம்மா கொஞ்ச நேரம் பாத்தா. "ஒரு விரக்கடை கொறைங்கண்ணே"ன்னா. கொறைச்சதும் பந்தக்கால் மட்டும் தெரிஞ்சுச்சு. "பாத்தீகளா, ஆளையே காணோம்"னு சொல்லிப் பென்டிரைவ உருவிட்டுப் போயிட்டா.

அப்புறம் கூட்டம் பிச்சுக்கிச்சு. வளைகாப்பு, புதுவீடு, சடங்கு, மணிவிழா, பள்ளிக்கூட ஆண்டுவிழான்னு ஊர்ல இருக்க அத்தனை பென்டிரைவும் எங்க தெருவுக்கு வந்துச்சு. பூவலிங்கம் காலையில கடை, சாயங்காலம் டிவின்னு ஆயிட்டாரு, ரெண்டு எடத்துலயும் அதே கேள்விதான், அதே தாழ்ந்த குரல்தான். கடைக்கு வர்றவுகளாவது அஞ்சு தடவைக்கு ஒரு தடவை தெளிவா இருக்கத 'இதுதான்'னு சொல்லுவாக. டிவிக்கு வர்றவுக தெளிவப் பத்திப் பேசவே இல்ல, எங்க நிறுத்துனாத் தனக்கு நல்லதோ அங்க "போதும்ணே"ன்னாக. கவுன்சிலரு ஆயிரம் பேரு கூடுன தன்னோட கூட்டத்தக் கொண்டு வந்தாரு. ஒரு விரக்கடையிலயே கூட்டம் முடிஞ்சு ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவரு அசரல. "இதையே உல்டாவா அமுக்க முடியுமா பாருங்க, ஓரத்துல இன்னும் கொஞ்சம் வெட்டுப்பட்டா நல்லாருக்கும்"னாரு.

கோயில் கமிட்டிக்காரவுகதான் ரொம்ப விவரம். கும்பாபிஷேகத்துல கருடன் வந்து மூணு சுத்துச் சுத்துச்சுன்னு அவுகளும், காக்காகூட வரலைன்னு மேலத் தெருக்காரவுகளும் நாலு வருசமாச் சண்டை. வீடியோவுல கலசம் தெரியுது, தண்ணி ஊத்துறது தெரியுது, வானம் தெரியல. மொத விரக்கடையில வானம் வந்துச்சு. ரெண்டாவது விரக்கடையில கருடனே வந்துச்சு, அம்சமா, கழுத்து வெள்ளையோட, ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணு சுத்து. கமிட்டித் தலைவரு கன்னத்துல போட்டுக்கிட்டு அழுதே போட்டாரு. யாரோ கை பட்டு மூணாவது விரக்கடை விழுந்துருச்சு. கோபுரத்துக்குப் பக்கத்துல கோழிக்கடை மாடியில கழிவு காயப்போட்டிருந்தாக, கருடன் சுத்துனது அதுக்கு மேல. தலைவரு கன்னத்துல இருந்து கைய எடுக்காமலே, "கண்ணாடிக்காரரே, சாமி விசயத்துக்கு ரெண்டு விரக்கடைதான், எழுதி வச்சுக்கோங்க"ன்னாரு.

அப்படி அப்படித்தான் ஒரு மொறை உண்டாச்சு. காதுகுத்துக்கு ஒண்ணு, சாமிக்கு ரெண்டு, புதுவீட்டுக்கு ஒன்றரை, அரசியலுக்கு அமுக்கவே கூடாது. வீட்டுக்கு வீடு தங்களோட அளவத் தெரிஞ்சு வச்சுக்கிட்டாக. பேச்சுலயே வந்துருச்சு. புருசன் ஆபீஸ்ல இருந்து லேட்டா வந்து காரணம் சொன்னா, "ஒரு விரக்கடை சேத்துச் சொல்லுங்க பாப்போம்"னு பொண்டாட்டி கேப்பா. வாத்தியாரு பிள்ளைய அடிச்சா, "ரெண்டு விரக்கடை தள்ளி விசாரிங்க சார்"னு அப்பன் சண்டைக்குப் போவான். டிவி நிசத்தக் காட்டுதுன்னு ஒருத்தரும் சொல்லல, வேணும்ங்கிற அளவுக்கு அமுக்கிக்கிடலாம், நல்ல டிவின்னுதான் சொன்னாக.

ஊர்ப் பென்டிரைவெல்லாம் ஓடி முடிஞ்சுச்சு, அந்த வீட்டுக் கல்யாணம் மட்டும் ஓடல. ஏன்னா பென்டிரைவக் காணோம். கேசட்டா இருந்து, சிடியாகி, பென்டிரைவ்ல ஏறி, பீரோவுல பத்திரமா இருந்தது, டிவி இப்படி ஆன மறுநாள்ல இருந்து காணோம். "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்"னா தங்கபுஷ்பம். பூவலிங்கம் ஒரு சனிக்கிழமை தாளிக்கப் போயி, கடுகு டப்பாவுக்குள்ள கரண்டிய விட்டா, கரண்டியில கடுகோட சேந்து கல்யாணம் வந்துச்சு.

"எலிக்குக் கடுகு டப்பா தெறக்கத் தெரியுமா தங்கம்?"

"காலம் கெட்டுக் கெடக்குல்ல"ன்னா அவ.

அன்னைக்கு மத்தியானம் தங்கபுஷ்பம் ரேசன் கடைக்குப் போன நேரம் பாத்துக் கதவச் சாத்திட்டுத் தனியா உக்காந்தாரு. கெட்டிமேளம் வர்ற எடத்துல நிறுத்துனாரு. ஒரு விரக்கடை: மணிக்கட்டு முழங்கையாச்சு. ரெண்டு விரக்கடை: அரக்குச் சேலை, ரெண்டு பேருக்கும் எடுத்த அதே சேலை. மூணு விரக்கடை: செல்லக்கனியோட மூஞ்சி, அவ கை தங்கபுஷ்பம் கழுத்துக்கிட்ட. இதோட நிறுத்துனா சிவகாசி போச்சு. அமுக்குனா கோவில்பட்டி போச்சு. கண்ண மூடிக்கிட்டு நாலாவத அமுக்குனாரு. தெறந்து பாத்தா, அந்தா ராஜகிளி, அக்காவ ஒட்டி, அவ கையும் கழுத்துக்கிட்ட. நாலு விரக்கடையில அக்கா கையும் தங்கச்சி கையும் ஒரே எடத்துல. ரெண்டு பேரும் சேந்தே போட்டுருக்காக! முப்பது வருசத் தொழில் அவருக்கு ஒண்ணச் சொல்லிக் கொடுத்திருந்துச்சு: ஆளுக்குத் திருப்தி ஆனதும் அடுத்த லென்ஸப் போடக்கூடாது. எந்திரிச்சுப் போயி மூணு எடத்துக்குப் போன் போட்டாரு.

ஞாயித்துக்கிழமை காலையில வந்தாக. சம்பந்தியம்மா காலண்டரோட வந்து சோபாவுல உக்காந்தாக. செல்லக்கனி வந்து டிவிக்கு வலது பக்கம் உக்காந்தா, ராஜகிளி வந்து இடது பக்கம் உக்காந்தா, நடுவுல இருவத்தஞ்சு வருசம் உக்காந்திருந்துச்சு. நாங்க தெருக்காரவுக, கூப்பிடாமலே, ஜன்னல்லயும் வாசல்லயும். முத்துபிரியா கதவோரத்துல நகத்தக் கடிச்சுக்கிட்டு நின்னா, அந்தப் பிள்ளைக்கு யாரு முடிச்சா இருந்தா என்ன, தேதி வேணும்.

"தம்பி, ஏதோ காட்டுறேன்னியே, காட்டு. எனக்குப் பயமில்ல. போட்ட கைக்குத் தெரியும்ல போட்டது"ன்னா செல்லக்கனி, ரயில் தூரத்துல வந்துருச்சு.

"அண்ணே, மொதல்ல அவுகளக் கண்ணாடி போடச் சொல்லுங்க, அப்புறம் தெரியலைன்னு சொல்லக் கூடாது"ன்னா ராஜகிளி, திரி பத்திக்கிச்சு.

"எதுக்குங்க இப்ப? மதினி எத்தன வருசம் கழிச்சு வந்திருக்காக, மொதல்ல சாப்பிடட்டும்"னு தங்கபுஷ்பம் காபித் தட்ட எடுத்துக்கிட்டு வந்து, வீட்டுல அத்தன எடம் இருக்க, சரியா டிவிக்கு முன்னாடி நின்னா.

"தள்ளு தங்கம்"னு சொல்லிட்டு, கெட்டிமேளத்துல படத்த நிறுத்தி, விடுவிடுன்னு நாலு விரக்கடையும் ஒரே மூச்சுல அமுக்கிட்டாரு பூவலிங்கம்.

எல்லாரும் பாத்தாக. கல்யாண வீடியோவுல யாரும் கல்யாணத்தப் பாக்கமாட்டாக, தன் மூஞ்சி எங்கன்னு தேடுவாக, கண்டுபிடிச்சதும் அதுலயே நின்னுருவாக. செல்லக்கனி செல்லக்கனியப் பாத்தா, இருவத்தஞ்சு வருசம் இளசா, மல்லியப்பூவும் கனகாம்பரமுமா. ராஜகிளி ராஜகிளியப் பாத்தா, கொடி மாதிரி இடுப்போட. அப்புறந்தான் பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறது யாருன்னு பாத்தாக. ரெண்டு சேலையும் ஒண்ணு, ரெண்டு கையும் ஒரே எடத்துல.

"ஏடி... ரெண்டு பேருமாடி போட்டோம்?"னு ரயில் வந்து நின்னுச்சு.

"அக்கா, நீ பிடிச்சிருக்க, நான் இழுத்திருக்கேன் போலக்கா"ன்னு சரவெடி நமுத்துச்சு.

ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுத அழுகையில வாசல்ல நின்ன நாங்களும் மூக்கச் சிந்துனோம். சம்பந்தியம்மா காலண்டர விரிச்சுட்டாக. "தையில நாலு முகூர்த்தம் இருக்கு"ன்னு விரல் வச்சாக. "நான் பத்து நாள் முன்னாடியே வந்துருவேன் தங்கம், சமையக்கட்ட என்கிட்ட விட்டுரு"ன்னு செல்லக்கனி சொன்னா. "நான் முடிஞ்சு ஒரு மாசம் இருந்து எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிட்டுத்தான் மதினி போவேன்"னு ராஜகிளி சொன்னா. தங்கபுஷ்பம் ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சுட்டு, குடுக்க வந்த காபிய அப்படியே உள்ள திருப்புனா.

அந்த நேரத்துலதான் ஜன்னல் பக்கம் ஒரு கூடை வந்துச்சு, கூடைக்குப் பின்னால பேச்சியம்மா வந்தா. ஒன்றரை மாசம் முடிஞ்சிருந்துச்சு. "அய்யா, கடை பூட்டிக் கெடந்துச்சு, வீட்டுக்கே வந்துட்டேன். கண்ணாடி ஆயிருச்சா?"

பூவலிங்கம் இருந்த சந்தோசத்துல, "உள்ள வாங்கம்மா, நல்ல நேரத்துல வந்தீக"ன்னு கையப் பிடிச்சு நடுவீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, ஆஸ்பத்திரிச் சீட்டுப்படி செஞ்சு வீட்டு அலமாரியில வச்சிருந்த புதுக்கண்ணாடிய எடுத்து, வேட்டி முனையில தொடைச்சு, தன் கையால அந்தம்மா மூக்குல மாட்டிவிட்டாரு. டெஸ்ட் பண்ணப் பலகை கடையில இருக்கு. பழக்கதோசம், கை தானா டிவியக் காட்டுச்சு.

"அவுகளுக்கு எதுக்குங்க இதெல்லாம், கண்ணாடி நல்லாத்தான் இருக்கும், பஸ்ஸு போயிரப் போகுது"ன்னு தங்கபுஷ்பம் தட்டோட வேகமா வந்தா. காலண்டரு, சோபா, நாத்தனா ரெண்டு பேருன்னு வழியில எல்லாம் இருந்துச்சு.

பூவலிங்கம் குரலத் தாழ்த்தி, தாய் மாதிரி, "நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. இது தெளிவா... முந்துனது தெளிவா?"

பேச்சியம்மா கூடைய எறக்கி வச்சுட்டு, டிவிகிட்டப் போயி, படத்த அங்குட்டும் இங்குட்டுமா ஒரு தடவை நிதானமாப் பாத்தா. அப்புறம் பஸ் ஜன்னலையெல்லாம் தாண்டிப் போற அந்தக் குரல்ல சொன்னா:

"என்னா தெளிவுய்யா! மயிரு மயிராத் தெரியுதே! இந்தா, இந்தப் பொம்பளைக ரெண்டு பேரும் கைய அந்தரத்துல நீட்டிக்கிட்டுக் கேமராவப் பாத்துல்ல இளிச்சுக்கிட்டு நிக்காளுக... நடுவுல இருக்குறது மருதாணி வச்ச கை, கல்யாணப் பொண்ணு கையி, அவளே பின்னால விட்டு அவளே முடிச்சுப் போட்டுக்கிருதா. ஏந் தாயி, ஒத்தாசைக்கு ஒருத்தியும் இல்லையாக்கும் உனக்கு?"